பார்க்கச் சொல்லாத படக் கேள்வி

பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வுக்கு வினாத்தாள் அமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

நூறு மதிப்பெண் வினாத்தாளில் ஒரேயொரு ஐந்து மதிப்பெண் கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல். ஒரு படத்தைப் போட்டு, அதைப் பார்த்து உங்கள் கருத்துகளைச் சுமார் ஐந்து வாக்கியங்களில் எழுதுங்கள் என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்வி. 39 முதல் 44 வரை ஆறு கேள்விகளில் நான்கை எழுத வேண்டிய பகுதியில் அது வருகிறது. ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது அதற்கு '42-வது கேள்வி' என்றே பெயர். '42-ஐ எல்லாப் பிள்ளைங்களும் எழுதிடுவாங்க, அதைப் பத்திக் கவலை இல்லை' என்பார்கள். எனக்குக் கவலையே அங்குதான்.

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். விடைத்தாள் திருத்தும் முகாமுக்கும் போகிறவன்தான். ஆனால் முகாமில் கண்டதை வெளியே பேசுவது முறையல்ல என்பதால், பள்ளித் தேர்வுகளிலும் திருப்புதல் தேர்வுகளிலும் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கட்டைப் பிரித்து வரிசையாகத் திருத்திக்கொண்டே வந்தால் படக் கேள்விக்கான விடை பாதிக்கு மேல் இப்படி இருக்கும்: 'திஸ் இஸ் எ நைஸ் பிக்சர். இட் இஸ் வெரி கலர்ஃபுல். இட் கிவ்ஸ் எ குட் மெசேஜ் டு தி சொசைட்டி. ஐ லைக் திஸ் பிக்சர் வெரி மச். தேங்க் யூ.'

ஐந்தாவது வாக்கியம் 'தேங்க் யூ'. எண்ணிப் பார்த்து ஐந்தாக்கியிருக்கிறான் பையன், குறை சொல்ல முடியாது. 'கலர்ஃபுல்' என்பதுதான் கொஞ்சம் இடிக்கும். வினாத்தாள் கறுப்பு வெள்ளையில் அச்சாகிறது. படம் பல சமயம் தீப்பெட்டி அளவில் இருக்கிறது. அதில் இருப்பது மனிதனா மரமா என்று மேற்பார்வையாளரைக் கேட்க வேண்டிய நிலை. அதைப் பார்த்து 'வண்ணமயமான படம்' என்று எழுதுகிற பிள்ளை பொய் சொல்லவில்லை. அவன் படத்தைப் பார்க்கவே இல்லை.

பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. மேலே சொன்ன ஐந்து வரி எந்தப் படத்துக்கும் பொருந்தும். மரம் நடும் மாணவர்கள், பார்வையற்றவரைச் சாலை கடக்கவைக்கும் சிறுமி, குப்பை அள்ளும் இளைஞர்கள், ஆளுக்கொரு ஃபோனோடு உட்கார்ந்திருக்கும் குடும்பம், எது வந்தாலும் சரி. ஒரு திருப்புதல் தேர்வில் பைக்கும் லாரியும் மோதிக் கிடக்கும் படம் வந்தது. அதற்கும் 'ஐ லைக் திஸ் பிக்சர் வெரி மச்' என்று எழுதியிருந்தார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மதிப்பெண் போடாமலும் இருக்க முடியவில்லை, ஏனென்றால் கேள்வி அவனுடைய கருத்தைத்தான் கேட்டது. அவனுக்குப் பிடித்திருக்கிறது என்றால் இல்லை என்று சொல்ல நான் யார்?

இந்த ஐந்து வரி எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கும் தெரியும். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு 'மினிமம் மெட்டீரியல்' உண்டு. கடையில் விற்கும் கைடுகளிலும் உண்டு. 35 எடுத்தால் பாஸ். மனப்பாடப் பாடல் ஒன்று, படக் கேள்வி ஒன்று, விளம்பரம் ஒன்று, நோட்டீஸ் ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போனால் கரையேறிவிடலாம். தேர்ச்சி விழுக்காடு குறைந்த பள்ளியின் ஆங்கில ஆசிரியர், ரிசல்ட் வந்த பிறகு நடக்கும் மீட்டிங்கில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். அப்படியிருக்க, அந்த ஐந்து வரியை எழுதிக்கொடுக்காத ஆசிரியர் யார்? நானும் கொடுத்திருக்கிறேன், இனியும் கொடுப்பேன். வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆளில்லாத பிள்ளைக்கு அந்த ஐந்து மதிப்பெண் சின்ன விஷயமில்லை. ஆகவே இது மாணவர்களையோ ஆசிரியர்களையோ திட்டுகிற மடல் இல்லை. கேள்வியை மாற்றுங்கள், விடை தானாக மாறும் என்பது மட்டுமே என் பேச்சு.

அப்படி மாறுமா என்றால், மாறும் என்பதற்கு அத்தாட்சி உங்கள் வினாத்தாளிலேயே இருக்கிறது. இரண்டு மதிப்பெண் பகுதியின் முடிவில் ஒரு ரோடு மேப் கொடுக்கிறீர்கள். வழி தெரியாத ஒருவர் வருகிறார், அவரை இந்த இடத்துக்கு அனுப்பிவையுங்கள் என்கிறீர்கள். அதுவும் பார்த்துப் படிக்க வேண்டிய ஒரு படம்தான். அதற்கும் மனப்பாடம் உண்டு: 'கோ ஸ்ட்ரெய்ட், டேக் தி ஃபர்ஸ்ட் லெஃப்ட்' என்று. ஆனால் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு மட்டும் தப்பிக்க முடியாது. முதல் இடதா இரண்டாவது இடதா, அஞ்சலகம் சாலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மேப்பைப் பார்த்தே ஆக வேண்டும். என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன்கள் அந்தக் கேள்விக்கு வினாத்தாளையே திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, விரலை ரோட்டில் ஓட்டிப் பார்த்து எழுதுவார்கள். ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் பெரும்பாலும் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். அதே பையன் நாலு பக்கம் தள்ளி, படக் கேள்விக்கு வரும்போது தலையைக்கூட நிமிர்த்தாமல் 'திஸ் இஸ் எ நைஸ் பிக்சர்' என்று தொடங்குகிறான். ஆள் ஒன்றுதான். கேள்விதான் வேறு.

விளம்பரக் கேள்வியையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அதுவும் படம் சம்பந்தப்பட்டதுதான். குறிப்புகள் கொடுத்து 'கவர்ச்சியான விளம்பரம் தயாரிக்கவும்' என்பீர்கள். பிள்ளைகள் ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவார்கள். கடைப் பெயர் மேலே பெரிதாக, வலது மூலையில் நட்சத்திர வடிவத்துக்குள் '50% தள்ளுபடி', நடுவில் 'ஹர்ரி! ஹர்ரி!', அடியில் சின்ன எழுத்தில் முகவரி. எது பெரிதாக இருக்க வேண்டும், எது கண்ணில் முதலில் பட வேண்டும், எதை அடியில் தள்ளலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கடைவீதி சொல்லித்தந்திருக்கிறது. பார்க்கத் தெரியாத பிள்ளைகள் இல்லை இவர்கள்.

இதை நான் வகுப்பில் சோதித்துப் பார்ப்பதுண்டு. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஏதாவது ஒரு ஃப்ளெக்ஸ் இருக்கும். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கோயில் கொடை. அப்படி ஒன்றை ஃபோனில் படமெடுத்து வந்து ஸ்மார்ட் போர்டில் போட்டேன். 'இதில் யார் பெரிய ஆள்?' என்று கேட்டதுதான் தாமதம், வகுப்பே கத்த ஆரம்பித்துவிட்டது. மேலே வரிசையாகச் சின்ன வட்டங்களில் தலைவர்கள், அவர்கள் வணங்கத்தக்கவர்கள், ஆனால் விழா அவர்களுக்கு இல்லை. நடுவில் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்பவர்தான் பணம் கொடுத்தவர். ஓரத்தில் பாதி உயரத்தில் நிற்பவர் அவருடைய மச்சானாக இருக்கலாம். அடியில் பாஸ்போர்ட் சைஸில் இரண்டு வரிசை முகங்கள், ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டவர்கள். அதில் ஒரு முகம் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிது, அவர் கொஞ்சம் அதிகம் கொடுத்திருப்பார். விழா நாயகியான குழந்தை எங்கே? வலது கோடியில், பூச்சரத்துக்குப் பின்னால், பாதி மறைந்து. 'சார், பாப்பாவுக்கு விழா, ஆனா பாப்பாதான் சார் சின்னதா இருக்கு' என்றாள் ஒருத்தி.

ஆங்கிலத் தேர்வில் படத்தைப் படிப்பது என்று உலகம் முழுக்க எதைச் சொல்கிறார்களோ, அதை அவள் செய்து முடித்துவிட்டாள். அளவைப் பார்த்தாள், இடத்தைப் பார்த்தாள், மறைந்திருப்பதைப் பார்த்தாள். சொல்லுக்கும் படத்துக்கும் இடையிலுள்ள முரணையும் பிடித்துவிட்டாள். இதை மூன்று எளிய ஆங்கில வாக்கியங்களாக்குவதுதான் என் வேலை. 'தி ஃபங்க்ஷன் இஸ் ஃபார் தி பேபி. பட் தி பேபி இஸ் ஸ்மால் இன் தி பிக்சர். தி மென் ஆர் பிக்.' இதற்கு என்ன பெரிய இலக்கணம் வேண்டும்?

கேள்வி எப்படி இருக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். காந்தியும் ராட்டையும் இருக்கும் அந்தப் புகழ்பெற்ற கறுப்பு வெள்ளைப் படம் உங்களுக்குத் தெரியும். 1946-இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் மார்கரெட் பர்க்-ஒயிட் எடுத்தது. நூற்கக் கற்றுக்கொண்டு வா, பிறகு படமெடுக்கலாம் என்று அவரிடம் சொன்னார்களாம், அவரும் கற்றுக்கொண்டாராம். அந்தப் படத்தை இன்றைய கேள்வியோடு கொடுத்தால் என்ன வரும்? 'காந்தி இஸ் தி ஃபாதர் ஆஃப் அவர் நேஷன். ஹி வாஸ் பார்ன் அட் போர்பந்தர்' என்று ஆறாம் வகுப்புக் கட்டுரை வரும். கொஞ்சம் முயற்சி எடுக்கிற பிள்ளை 'காந்தி இஸ் ஸ்பின்னிங்' என்று எழுதும். ஆனால் படத்தில் காந்தி நூற்கவில்லை. தரையில் உட்கார்ந்து, கையிலிருக்கும் தாளைப் படித்துக்கொண்டிருக்கிறார். ராட்டை அவருக்கு முன்னால், நமக்கு அருகில், பெரிதாக நிற்கிறது. மனிதர் அதற்குப் பின்னால், சிறியவராக.

இப்போது கேள்வியை இப்படி மாற்றுங்கள். முதலாவது, படத்தில் உள்ளவர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? இரண்டாவது, உங்களுக்கு அருகில் இருப்பது எது, தள்ளி இருப்பது எது? மூன்றாவது, படம் எடுத்தவர் ஏன் ராட்டையை முன்னால் வைத்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? முதல் கேள்விக்குப் பார்த்தவன் மட்டும்தான் விடை சொல்ல முடியும், காந்தியைப் பற்றி எவ்வளவு மனப்பாடம் செய்திருந்தாலும் உதவாது. இரண்டாவதற்கு 'நியர்', 'ஃபார்' என்ற இரண்டு சொல் போதும். மூன்றாவதற்குப் பல விடை இருக்கலாம். 'காந்தியைவிட அவர் வேலை பெரிது' என்று ஒரு பிள்ளை எழுதலாம். 'ராட்டைதான் ஹீரோ' என்று இன்னொன்று எழுதலாம், எழுதட்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று இப்போது கேட்கிறீர்களே, அந்தக் கருத்து வருகிற இடமும் இந்த மூன்றாவது கேள்விதான். பார்த்த பிறகு வருவதால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

வெளியூரில் எப்படிக் கேட்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் பார்த்தேன். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ-லெவல் ஆங்கிலத் தேர்வின் இரண்டாம் தாள் 50 மதிப்பெண்ணுக்கு. அதன் முதல் பகுதியே படத்தோடு கூடிய ஒரு பக்கத்தைக் கொடுத்துக் கேட்பதுதான், அதற்கும் நம்மைப்போலவே 5 மதிப்பெண். ஆனால் அங்கே கேள்விகள் துண்டு துண்டாக இருக்கும். இந்த வாசகம் யாரைக் குறிவைக்கிறது, படம் இந்தச் சொல்லுக்கு எப்படி வலுச்சேர்க்கிறது என்கிற மாதிரி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பள்ளி இறுதித் தேர்வான ஹெச்.எஸ்.சி.யில் ஆங்கில முதல் தாள் 40 மதிப்பெண்ணுக்கு. அதில் பாதி, மாணவர்கள் முன்பின் பார்த்திராத பகுதிகளுக்கு. கவிதை, கதைத் துணுக்கு இவற்றோடு படமும் வரலாம். 'என்ன இருக்கிறது' என்பதோடு விடாமல் 'எப்படிக் காட்டியிருக்கிறார்கள்' என்று கேட்பார்கள். அவ்வளவு தூரம் ஏன், நம் ஊரிலேயே சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ கொடுத்து அதை ஆராய்ந்து ஒரு பத்தி எழுதச் சொல்கிறார்கள். அதுவும் ஐந்து மதிப்பெண்தான். எது ஏறியிருக்கிறது, எது இறங்கியிருக்கிறது என்று பார்க்காமல் அதை எழுத முடியாது.

இதையெல்லாம் சொன்னதற்காக அவர்களை அப்படியே காப்பியடிக்க வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். ஆஸ்திரேலிய மாதிரியில் வேறொரு வியாதி இருக்கிறது. கீழிருந்து எடுத்த படம் என்றால் அதிகாரம், மேலிருந்து எடுத்தால் பலவீனம், இருட்டு என்றால் சோகம், சிவப்பு என்றால் ஆபத்து என்று ஒரு பட்டியலை அங்குள்ள பிள்ளைகளும் மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். படத்தில் எதைக் கண்டாலும் அந்தப் பட்டியலிலிருந்து ஒரு கலைச்சொல்லை எடுத்து ஒட்டுவார்கள். அங்குள்ள ஆசிரியர்களும் இதைச் சொல்லி அலுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் நாளைக்கு 'காட்சி உத்திகளைக் கண்டறிக' என்று கேள்வி மாற்றினால், மறுநாளே கைடில் 'லோ ஆங்கிள் ஷோஸ் பவர்' என்று அச்சாகி வந்துவிடும். எங்கள் பிள்ளைகள் லோ ஆங்கிள் என்றால் என்னவென்றே தெரியாமல் அதை மரம் நடும் படத்துக்கும் எழுதிவைப்பார்கள். 'தேங்க் யூ' இருந்த இடத்தில் 'லோ ஆங்கிள்' வந்து உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான் முன்னேற்றம். ஆகவே கலைச்சொல்லே வேண்டாம். யார், எங்கே, எது பெரிசு, யார் யாரைப் பார்க்கிறார்கள், எது விடுபட்டிருக்கிறது. இந்த ஐந்தும் சந்தைக்குப் போகிற எந்தப் பாட்டிக்கும் தெரிந்த கேள்விகள்.

இதில் 'யார் யாரைப் பார்க்கிறார்கள்' என்பது அலாதியானது. ஓர் அரையாண்டுத் தேர்வில் பஸ் ஸ்டாப் படம் ஒன்று வந்தது. பெஞ்சில் நாலைந்து பேர், எல்லோர் கையிலும் ஃபோன். ஒரு பெண் மடியில் குழந்தை. வழக்கம்போல 'மொபைல் ஃபோன் இஸ் வெரி யூஸ்ஃபுல், பட் இட் இஸ் ஆல்சோ டேஞ்சரஸ்' என்று பொதுப் பிரசங்கம் எழுதிய பேப்பர்கள் நிறைய. சுத்தமான ஆங்கிலம், எல்லாம் கைடு வரிகள். நடுவில் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: 'ஆல் பீப்பிள் ஹெட் டவுன். ஒன்லி பேபி லுக் அப். பேபி சீ தி பேர்ட். நோபடி சீ தி பேபி.' கம்பிமேல் ஒரு பறவை இருந்ததை நான் அதுவரை கவனிக்கவே இல்லை. அவள் எழுதியதைப் படித்துவிட்டு வினாத்தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன், இருந்தது.

நாலு வாக்கியத்திலும் இலக்கணப் பிழை. கேட்டது ஐந்து, எழுதியது நாலு. வழக்கமான கணக்கில் அவளுக்கு இரண்டோ இரண்டரையோதான் கிடைக்கும். பிரசங்கம் எழுதியவனுக்கு நாலு, நாலரை. நான் அவளுக்கு நாலரை போட்டேன். பள்ளித் தேர்வு என்பதால் போட முடிந்தது. பொதுத்தேர்வில் ஓர் ஆசிரியர் தன் இஷ்டத்துக்கு அப்படிப் போட முடியாது, போடவும் கூடாது. மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறினால் அது தேர்வே இல்லை. பார்த்ததற்கு இவ்வளவு மதிப்பெண் என்று கீயில், அதாவது திருத்துகிறவர்களுக்கான விடைக்குறிப்பில், எழுதியிருந்தால் மட்டும்தான் திருத்துகிறவர் துணிந்து போட முடியும். உங்களிடம் இதை எழுதக் காரணமே அதுதான்.

கீயில் என்ன இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மதிப்பெண், படத்தில் உள்ளதைச் சரியாகப் பெயர்சொல்வதற்கு. 'தேர் இஸ் எ பஸ் ஸ்டாப், தேர் ஆர் ஃபைவ் பீப்பிள்' என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அது உறுதியாகக் கிடைக்கட்டும். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கான வாசல் மூடப்படக் கூடாது. இன்னும் இரண்டு, இந்தப் படத்துக்கு மட்டுமே பொருந்தக்கூடிய எதையாவது கவனித்துச் சொன்னதற்கு. கடைசி ஒன்று, அதிலிருந்து என்ன தோன்றுகிறது என்பதற்கு. பொருள் புரிகிறவரை இலக்கணத்துக்காக இங்கே மதிப்பெண் குறைக்கக் கூடாது. பிழை கண்டுபிடித்துத் திருத்துவதற்கு அதே பகுதியில் தனியாக ஒரு கேள்வி வைத்திருக்கிறீர்கள், அங்கே பார்த்துக்கொள்ளலாம். எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வாக்கியத்துக்கு மதிப்பெண் இல்லை என்று ஒரே ஒரு வரி கீயில் இருந்தால் போதும். அது தெரிந்த அடுத்த வாரமே எல்லா மெட்டீரியலிலும் 'நைஸ் பிக்சர்' காணாமல் போய்விடும். இந்த விஷயத்தில் எங்களைப்போலச் சுறுசுறுப்பானவர்கள் உலகத்தில் கிடையாது.

அப்புறம் படம். அரைப் பக்கமாவது கொடுங்கள். மொத்தம் ஐந்து மதிப்பெண்ணுக்கு அரைப் பக்கம் வீணா என்று தோன்றலாம். பார்க்க முடியாத படத்தைத் தீப்பெட்டி அளவில் போட்டால் அந்த இடமும் வீண்தான். கறுப்பு வெள்ளையிலேயே இருக்கட்டும், ஆனால் கறுப்பு வெள்ளைக்கென்றே தேர்ந்தெடுத்த படமாக இருக்கட்டும். வண்ணப் படத்தை அப்படியே கறுப்பாக்கி அச்சடித்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும், டிராஃபிக் சிக்னல் படத்தில் பிள்ளை எதைப் பார்க்கும்?

படத்தின் விஷயமும் கொஞ்சம் மாற வேண்டும். ஒழுக்கம் போதிக்கும் படங்களையே தேடி எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மரம் நடு, தண்ணீரைச் சேமி, ஹெல்மெட் போடு. நல்ல விஷயங்கள்தான், ஆனால் அந்தப் படங்களைப் பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பார்ப்பது நின்றுபோய்ப் பிரசங்கம் ஆரம்பித்துவிடுகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பொம்மைப் படங்களில் வீடுகளுக்குச் சிவப்பு ஓடும் புகைபோக்கியும் இருக்கும். கிருஷ்ணகிரிப் பிள்ளை அதைப் பார்த்து என்ன கருத்து சொல்வது? வாரச்சந்தை, ரேஷன் கடை வரிசை, நடவு வயல், மீன் ஏலம், டவுன் பஸ்ஸின் பின்படிக்கட்டு, திருவிழாக் கூட்டத்தில் பலூன்காரர். எந்த நீதியும் சொல்லாத படங்கள். அவற்றைப் பார்த்தால் எழுதப் பத்து விஷயம் கிடைக்கும்.

கண்ணால் பார்க்க முடியாத மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. படக் கேள்வியை எவ்வளவுக்கெவ்வளவு பார்வையோடு இறுக்கிக் கட்டுகிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு அவர்களுக்கான மாற்றுக் கேள்வியும் கவனமாக அமைய வேண்டும். ஒரு காட்சியை நாலைந்து வாக்கியங்களில் விவரித்து, அதை வைத்து அதே மூன்று கேள்விகளைக் கேட்கலாம். சொல்வதை எழுதுபவரோடு தேர்வு எழுதும் பிள்ளைக்கு, அந்த உதவியாளர் படத்தை விளக்குவதா கூடாதா என்ற குழப்பமும் இல்லாமல் போகும்.

இதற்காகப் புளூ பிரிண்டையே, அதாவது வினாத்தாளின் அமைப்பையே, மாற்ற வேண்டியதில்லை. இரண்டு தாளாக இருந்த ஆங்கிலத்தை 2019-20 கல்வியாண்டில் ஒரே தாளாக்கினீர்கள். 2020-லும் 2021-லும் கொரோனாவால் பொதுத்தேர்வு நடக்கவில்லை, எல்லோரும் தேர்ச்சி. 2022 மேயில்தான் இந்த ஒற்றைத் தாளைப் பிள்ளைகள் முதன்முதலாக உட்கார்ந்து எழுதினார்கள். எங்களுக்கும் பழகிவர நாளானது. மறுபடியும் எல்லாவற்றையும் கலைத்துப் போடுங்கள் என்று எந்த ஆங்கில ஆசிரியரும் கேட்கமாட்டார். அதே எண், அதே ஐந்து மதிப்பெண், அதே விருப்பத் தேர்வு. படத்துக்குக் கீழே இருக்கும் அந்த ஒரு வரிக்குப் பதிலாக மூன்று சின்னக் கேள்விகள், அவ்வளவுதான்.

நேராகப் பொதுத்தேர்வில் கொண்டுவந்தாலும் வம்பு வரும். 'பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து கேள்வி' என்று மறுநாள் செய்தி வரும், கருணை மதிப்பெண் கேட்பார்கள். ஆகவே முதலில் காலாண்டிலும் அரையாண்டிலும் போட்டுப் பார்க்கலாம். இரண்டு தேர்வு போதும், எந்த மாதிரிக் கேள்விக்குப் பிள்ளைகள் வினாத்தாளைத் திருப்பிப் பார்க்கிறார்கள், எதற்குப் பார்க்கவில்லை என்று தேர்வறையில் நின்றாலே தெரிந்துவிடும். திருப்புதல் தேர்வுக்குள் மாதிரி வினாத்தாளும் மாதிரி விடைகளும் பள்ளிகளுக்கு வந்துவிட்டால் யாரும் பதற மாட்டார்கள். மாதிரி விடையில் பிழையான ஆங்கிலத்தில் நன்றாகப் பார்த்து எழுதிய விடை ஒன்றையும் சேர்த்து, அதற்கு எத்தனை மதிப்பெண் என்று போட்டுக் காட்டுங்கள். அது எங்களுக்கு ஆயிரம் பயிற்சி வகுப்புக்குச் சமம்.

படங்களுக்குப் பஞ்சமா என்று கேட்டால், மாவட்டத்துக்கு மாவட்டம் ஆங்கில ஆசிரியர்கள் இருக்கிறோம், எல்லோர் கையிலும் கேமரா ஃபோன் இருக்கிறது. அவரவர் ஊரில் எடுத்த படங்களை, அதில் இருப்பவர்களின் சம்மதத்தோடு, உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். உரிமைத்தொகைப் பிரச்சினையும் வராது. வினாத்தாள் ரகசியம் போய்விடுமே என்றால், ஆயிரம் படம் வந்து குவிந்த பிறகு எது வரும் என்று எந்தக் கைடாலும் ஊகிக்க முடியாது. என் பங்குக்கு எங்கள் ஊர்ச் சந்தையில் எடுத்த படங்கள் தயாராக இருக்கின்றன. அனுப்ப வேண்டிய முகவரியை மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர்,
அரசு உயர்நிலைப் பள்ளி